நிரந்தரம் என்று அட்டையில் எழுதியிருக்கிறது

கேள்வி: பதினைந்து ஆண்டுகளாக வெளிநாட்டில் வாழ்கிறோம். எனக்கு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை, கணவருக்கு மென்பொருள் துறையில். நாங்கள் இருவரும் மகனும் நிரந்தர வசிப்புரிமை அட்டை வைத்திருக்கிறோம். மகன் இரண்டு வயதில் இங்கே வந்தான், இப்போது பதினேழு. மகள் இங்கேயே பிறந்தவள், வயது பதினொன்று. அவளுக்கு எந்த நாட்டுக் குடியுரிமை என்பது எனக்கே சரியாகத் தெரியவில்லை.

அம்மா படுக்கையில் விழுந்ததால் சென்ற ஆண்டு ஒன்பது மாதம் பிறந்த நாட்டில் தங்க நேர்ந்தது. திரும்பி வந்தபோது விமான நிலையத்தில் அதிகாரி அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “நீங்கள் உண்மையிலேயே இந்த நாட்டில்தான் வாழ்கிறீர்களா?” என்று கேட்டார். நாற்பது நிமிடம் தனி அறையில் உட்காரவைத்த பிறகே அனுப்பினார்கள். பதினைந்து ஆண்டுகள் வரி கட்டியவளை இப்படிக் கேட்கலாமா? எனக்கு இங்கே என்னதான் உரிமை? குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்றால் பிறந்த நாட்டுக் குடியுரிமையைத் துறக்க வேண்டும். மனம் வரவில்லை. கணவரோ, “உலகம் சுருங்கிவிட்டது. குடியுரிமை என்பது பயணத்துக்கு ஒரு தாள், அவ்வளவுதான். அதற்கு ஏன் இவ்வளவு கலக்கம்?” என்கிறார். எந்த நாடு என்பதை வெளியிட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

குடியுரிமைச் சட்டம் நாட்டுக்கு நாடு மாறுவது. நாட்டின் பெயரை மறைத்துக்கொண்டு பதில் எழுதும்போது பிரிவு எண்களை அடுக்க முடியாது. அதற்கு நீங்கள் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்தே ஆக வேண்டும். ஆனாலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் இதே மாதிரியான கோப்புகளைப் புரட்டி வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் உட்கார்ந்த அந்தத் தனி அறை எல்லா நாட்டு விமான நிலையங்களிலும் இருக்கிறது. எனவே அங்கிருந்தே தொடங்கலாம்.

அதிகாரி கேட்டது உங்களைப் புண்படுத்தியிருக்கிறது, புரிகிறது. ஆனால் அவர் கேட்டது சட்டம் அவரைக் கேட்கச் சொல்லும் கேள்வி. “நிரந்தர” என்று அட்டையில் அச்சிட்டிருக்கிறார்களே, குடிவரவுச் சட்டத்தில் அதைவிட ஆளை ஏமாற்றும் சொல் கிடையாது. நீங்கள் அந்த நாட்டில் வாழும்வரை நிரந்தரம் என்பதுதான் அதன் பொருள். கனடாவில் ஐந்து ஆண்டுகளில் குறைந்தது 730 நாட்கள் உள்ளே இருந்திருக்க வேண்டும். பிரிட்டனில் பொதுவாகத் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் வெளியே இருந்தால் அந்த உரிமை காலாவதியாகிவிடும். அமெரிக்காவில் ஓராண்டுக்கு மேல் வெளியே தங்கப் போகிறவர் கிளம்பும் முன்பே மறுநுழைவு அனுமதி வாங்கிவைக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் நீண்டகால வசிப்புரிமை, தொடர்ந்து 12 மாதம் ஒன்றியத்துக்கு வெளியே இருந்தால் போய்விடும். அந்தப் பன்னிரண்டு மாதத்துக்குள் சில நாட்கள் வந்து போனாலே தொடர்ச்சி அறுபட்டுவிடும், உரிமை நிற்கும் என்று ஒன்றியத்தின் நீதிமன்றம் 2022 ஜனவரியில் சொன்னது. அந்தத் தீர்ப்பு, தாயையோ தந்தையையோ கவனிக்கப் போனவர்கள் பலருக்கு மூச்சுவிட இடம் கொடுத்தது.

உங்களுடைய ஒன்பது மாதம், நான் அறிந்த பெரும்பாலான சட்டங்களில் வசிப்புரிமையை முறிக்காது. ஆனால் குடியுரிமைக்குக் கணக்கிடப்படும் “தொடர்ந்த வசிப்பு” வேறு கணக்கு. அமெரிக்காவில் ஒரே பயணத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால், தொடர்ச்சி அறுந்துவிட்டது என்ற அனுமானத்தோடுதான் விண்ணப்பத்தைப் பார்ப்பார்கள். அறுபடவில்லை என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். எனவே போன தேதி, வந்த தேதி, அம்மாவின் மருத்துவமனைச் சீட்டுகள், அந்த ஒன்பது மாதமும் நீங்கள் செலுத்திய வீட்டு வாடகை ரசீதுகள் எல்லாவற்றையும் இன்றே ஓர் உறையில் போட்டு வையுங்கள்.

இனி, உங்களுக்கு என்ன உரிமை என்ற கேள்வி. நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

1966-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட குடிமை, அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையை எடுத்துப் பாருங்கள். உயிர், உடல், மதம், பேச்சு, நியாயமான விசாரணை என்று வரும் இடங்களில் எல்லாம் “எவரும்”, “ஒவ்வொருவரும்” என்றே எழுதியிருக்கிறார்கள். “குடிமகன்” என்ற சொல் 25-ஆவது பிரிவில்தான் தலைகாட்டுகிறது. வாக்களிப்பது, தேர்தலில் நிற்பது, அரசுப் பணியில் சேர்வது ஆகியவற்றைப் பேசும் பிரிவு அது. மற்றதெல்லாம் மனிதருக்கு, இது மட்டும் குடிமக்களுக்கு. 13-ஆவது பிரிவு உங்களைப் போன்றவர்களுக்காகவே எழுதப்பட்டது: சட்டப்படி உள்ளே இருக்கும் வெளிநாட்டவரைச் சட்டப்படி எடுத்த முடிவின் பேரில்தான் வெளியேற்றலாம், தேசப் பாதுகாப்பு போன்ற வலுவான காரணம் இருந்தாலொழிய அவர் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும்.

இந்த எண்ணம் ஐ.நா. பிறப்பதற்கு முன்பே நீதிமன்றங்களில் இருந்தது. சான்பிரான்சிஸ்கோவில் 1880-இல் நகர நிர்வாகம் ஒரு விதி போட்டது: மரக்கட்டடத்தில் சலவைக்கடை நடத்துவதற்கு அனுமதி வாங்க வேண்டும். படிக்க நல்ல விதிதான், தீ விபத்தைத் தடுக்கிறார்கள் என்று தோன்றும். சீனர்கள் சுமார் 200 பேர் விண்ணப்பித்தார்கள், ஒருவருக்கும் கிடைக்கவில்லை. சீனரல்லாத சுமார் 80 பேர் விண்ணப்பித்தார்கள்; ஒருவரைத் தவிர எல்லோருக்கும் கிடைத்தது. ஒரே கட்டடத்தில் 22 ஆண்டுகள் சலவைக்கடை நடத்திவந்த சீனர் ஒருவர் அபராதம் கட்ட மறுத்துச் சிறைக்குப் போனார், வழக்கும் போட்டார். யிக் வோ வழக்கு என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிப்பது அதைத்தான். 1886-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: அரசியல் சாசனத்தின் 14-ஆவது திருத்தம் “எந்த நபருக்கும்” சமப் பாதுகாப்பு என்கிறது, குடிமக்களுக்கு மட்டும் என்று சொல்லவில்லை. சீனர்கள் அமெரிக்கக் குடிமக்களாகவே முடியாது என்று சட்டம் இருந்த காலத்தில் வந்த தீர்ப்பு இது என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே சம்பளம் தராத முதலாளி மீது வழக்குப் போட, வீட்டுக்காரரோடு மல்லுக்கட்ட, கோயிலுக்கோ மசூதிக்கோ போக, குழந்தையைப் பள்ளியில் சேர்க்க உங்களுக்குக் குடியுரிமை தேவையில்லை. கைதானால் உங்கள் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் தரச் சொல்லும் உரிமையும் உண்டு. 1963-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை தரும் அந்த உரிமை உள்ளூர்க் குடிமகனுக்குக் கிடையாது, வெளிநாட்டவரான உங்களுக்குத்தான் உண்டு!

வரி விஷயத்தில் உங்களோடு சேர்ந்து கோபப்பட என்னால் முடியவில்லை, மன்னியுங்கள். “வரி கட்டுகிறேன், எனக்கு ஏன் வாக்கு இல்லை?” என்ற வாதம் எனக்கு என்றுமே பிடித்ததில்லை. வரிக்கு வாக்கு என்று வந்துவிட்டால், வருமான வரி கட்ட வழியில்லாத ஏழையின் வாக்கு என்ன ஆகும்? நிறைய வரி கட்டுகிறவருக்கு நான்கு வாக்கா? சாலை, மருத்துவமனை, காவல்துறை ஆகியவற்றை நாம் பயன்படுத்துகிறோம், அதற்குத்தான் வரி. வேறொரு வாதம் வலுவானது: ஒரு சட்டத்துக்கு வாழ்நாள் முழுவதும் கட்டுப்பட்டு நடக்க வேண்டியவருக்கு அதை இயற்றுவதில் பங்கு இருக்க வேண்டும். பல நாடுகளை அசைத்திருப்பது அதுதான்.

நியூசிலாந்து 1975-இல் நிரந்தர வசிப்பாளர்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலிலேயே வாக்குரிமை கொடுத்தது. சுவீடன் 1976-இல் உள்ளாட்சித் தேர்தலில் கொடுத்தது. தென்கொரியாவில் நிரந்தர வசிப்புரிமை பெற்று மூன்று ஆண்டுகள் ஆன வெளிநாட்டவர் 2006 முதல் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கிறார்கள். சிலியில் பல ஆண்டுகளும் உருகுவேயில் பதினைந்து ஆண்டுகளும் வாழ்ந்தவருக்கு வாக்கு உண்டு. மறுபக்கமும் இருக்கிறது. ஜெர்மனியின் ஒரு மாநிலம் வெளிநாட்டவருக்கு உள்ளாட்சி வாக்குரிமை தந்து சட்டம் செய்தது. “மக்கள்” என்றால் ஜெர்மன் குடிமக்கள்தான் என்று 1990-இல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. இதெல்லாம் புதுமை என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் பல மாநிலங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியுரிமை பெறாத குடியேறிகள் வாக்களித்திருக்கிறார்கள். அந்த வழக்கம் கடைசியாக ஆர்கன்சாவில் 1926-இல்தான் முடிந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஓட்டுநர் உரிமம் வாங்கும் இடத்திலோ நூலகத்திலோ யாராவது வாக்காளர் பதிவுப் படிவத்தை நீட்டினால், உங்கள் நாட்டில் வசிப்பாளருக்கு வாக்கு உண்டா என்று உறுதியாகத் தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். என்னிடம் வந்த ஒருவர் கவுன்டரில் இருந்தவர் நீட்டிய தாளில் ஒரு கட்டத்தில் டிக் அடித்தார். அது “நான் குடிமகன்” என்ற கட்டம். அவர் வாக்களிக்கக்கூட இல்லை. அந்த ஒரு டிக்கை விளக்க மூன்று ஆண்டுகள் ஆயின.

வாக்கைப் பற்றி இவ்வளவு எழுதினாலும், என்னிடம் வருபவர்களை வாக்கு தூங்கவிடாமல் செய்ததில்லை. உங்களையும் அது தூங்கவிடாமல் செய்யவில்லை. உங்களை உலுக்கியது வாசற்படி. வசிப்பாளரான உங்களிடம் இருப்பது நிறைய. இல்லாதது ஒன்றே ஒன்று. “உள்ளே வராதே” என்றும் “வெளியே போ” என்றும் யாரும் சொல்ல முடியாத நிலை உங்களுக்கு இல்லை. வாடகை வீட்டில் முப்பது வருடம் குடியிருக்கலாம், சுவரெல்லாம் ஆணி அடிக்கலாம், பூந்தொட்டி வைக்கலாம். சாவி மட்டும் இன்னொருவர் பெயரில் இருக்கும்.

ஸ்டெஃபான் நைஸ்ட்ரோம் என்பவரின் கதையைச் சொல்கிறேன். தாய் சுவீடனுக்குப் போயிருந்தபோது அங்கே பிறந்தார். பிறந்து 27 நாட்களில் ஆஸ்திரேலியாவுக்குத் தூக்கிவரப்பட்டார். அங்கேயே வளர்ந்தார், சுவீடிஷ் மொழி தெரியாது. தான் ஆஸ்திரேலியக் குடிமகன் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். யாரும் விண்ணப்பம் போட்டிருக்கவில்லை, அவ்வளவுதான். சிறு வயதிலிருந்தே குற்றங்களில் சிக்கினார். அவற்றில் கடுமையானவையும் உண்டு, அதை மறைப்பதற்கில்லை. தண்டனையை அனுபவித்து வெளியே வந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய விசாவை அரசு ரத்து செய்தது. 2006-இன் கடைசி நாட்களில் சுவீடனுக்கு அனுப்பிவைத்தார்கள். மொழியோ அறிந்த முகமோ இல்லாத ஊரில் முப்பது வயது தாண்டிய ஒருவர் போய் இறங்கினார். சொந்த நாட்டுக்குள் நுழையும் உரிமையை எவரிடமிருந்தும் தன்னிச்சையாகப் பறிக்கக் கூடாது என்ற, மேலே சொன்ன 1966 உடன்படிக்கையின் வாக்கியத்தில், “சொந்த நாடு” என்பது கடவுச்சீட்டு தந்த நாட்டைவிட விரிந்தது, அவருக்கு ஆஸ்திரேலியாவே சொந்த நாடு என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2011-இல் சொன்னது. அருமையான முடிவு, நான் பல மனுக்களில் மேற்கோள் காட்டியிருக்கிறேன். ஆனால் அந்தக் குழுவிடம் விமான டிக்கெட் கிடையாது.

அமெரிக்காவில் பதில்லா வழக்கு இன்னொன்று. ஹோண்டுராஸில் பிறந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நிரந்தர வசிப்பாளராக இருந்தவர். வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றியவர். போதைப்பொருள் கடத்தல் வழக்கில், இவ்வளவு காலம் வாழ்ந்துவிட்டீர்கள், நாடுகடத்தல் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று அவருடைய வழக்கறிஞர் சொன்னதை நம்பிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புதலே நாடுகடத்தலுக்கு வழியாகிவிட்டது. வெளிநாட்டவருக்கு இந்த ஆபத்தை எடுத்துச் சொல்லாத வழக்கறிஞர் தன் கடமையில் தவறியவர் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. என் தொழிலில் இருப்பவர்கள் சுவரில் மாட்டிவைக்க வேண்டிய தீர்ப்பு.

குற்றம் செய்தவர்கள் கதை நமக்கெதற்கு என்று கேட்பீர்கள். சரி, ஒரு குற்றமும் செய்யாதவர்களின் கதை. 2020 ஏப்ரலில் கொரோனாவைக் காரணம் காட்டி ஜப்பான் ஒரு நாடுகளின் பட்டியலை அறிவித்தது. அதன் பிறகு அந்த நாடுகளுக்குப் போன வெளிநாட்டவர், நிரந்தர வசிப்புரிமை வைத்திருந்தாலும், விசேஷ காரணம் இல்லாமல் திரும்பி வர முடியாது. வீடு, வேலை, பிள்ளைகள் எல்லாம் ஜப்பானில். பெற்றோரைப் பார்க்கப் போனால் மாதக்கணக்கில் வெளியே நிற்க வேண்டும். அதே நாட்களில் ஜப்பானியக் குடிமகன் பரிசோதனை செய்துகொண்டு உள்ளே வந்தார். நீங்கள் அம்மாவோடு இருந்த அந்த ஒன்பது மாதத்தை அந்த ஆண்டில் வைத்துப் பாருங்கள்.

குடியுரிமை வாங்கிவிட்டால் இரும்புக்கதவு என்றும் நான் சொல்ல மாட்டேன். 2021 மே மாதம் ஆஸ்திரேலியா, முந்தைய 14 நாட்களில் இந்தியாவில் இருந்தவர்கள் உள்ளே வருவதைச் சுமார் இரண்டு வாரம் தடை செய்தது. சொந்தக் குடிமக்களுக்கும் சேர்த்துத்தான். மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறை என்றும் சொன்னது. பிரிட்டனில் 2014-இல் வந்த திருத்தம், விண்ணப்பித்துக் குடிமக்களானவர்களைப் பிறப்பால் குடிமக்களானவர்களிலிருந்து பிரித்துவைக்கிறது. நாட்டின் முக்கிய நலன்களுக்குக் கடும் தீங்கு செய்தார் என்று அரசு கருதினால், வேறொரு நாட்டுக் குடியுரிமை அவருக்குக் கிடைக்கக்கூடும் என்று நம்ப நியாயமான காரணம் இருக்கும் நிலையில், அவரை நாடற்றவராக்கியும் குடியுரிமையைப் பறிக்கலாம். இருந்தாலும் இவை அபூர்வம்; நடக்கும்போது நாடே எழுந்து பேசும். வசிப்புரிமை ரத்தாவது பத்திரிகையில் ஒரு வரிகூட வராமல் தினமும் நடப்பது.

உங்கள் கணவரிடம் கொஞ்சம் சண்டை போட அனுமதியுங்கள். கடவுச்சீட்டையும் குடியுரிமையையும் அவர் ஒன்றாகக் கட்டிவிட்டார். கடவுச்சீட்டு அடுத்த நாட்டு விமான நிலையத்தில் வேலை செய்யும் தாள். குடியுரிமை வேலை செய்வது சொந்த நாட்டு விமான நிலையத்தில். உலகம் சுருங்கியது உண்மை: பணம் நொடியில் போகிறது, சரக்கு கப்பலில் போகிறது. ஆட்கள் விஷயத்தில் அது அப்படிச் சுருங்கவில்லை. குடியுரிமைக்கு மதிப்பே இல்லையென்றால் பணக்காரர்கள் ஏன் அதை விலை கொடுத்து வாங்குகிறார்கள்? செயின்ட் கிட்ஸ் நெவிஸ் என்ற சின்னஞ்சிறு தீவு நாடு 1984-இலிருந்து முதலீட்டாளர்களுக்குக் குடியுரிமை தருகிறது. மால்டாவும் விற்றது, குடியுரிமையை வியாபாரப் பொருளாக்கக் கூடாது என்று 2025 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் அதைத் தடுத்தது.

வெறும் தாளாக வாங்கியவரின் கதை ஒன்றும் உண்டு. அவருக்கு முப்பது ஆண்டு வசிப்பும் கைகொடுக்கவில்லை, அவசரமாக வாங்கிய தாளும் கைகொடுக்கவில்லை. ஃப்ரீட்ரிக் நோட்டபோம், ஜெர்மானியர். 1905-இல் குவாத்தமாலாவுக்குப் போய் அங்கேயே வியாபாரம் செய்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர். ஆனால் குவாத்தமாலாக் குடிமகனாக அவர் ஆகவே இல்லை. 1939-இல் போர் மூண்டதும், ஜெர்மானியராக இருப்பது ஆபத்து என்று எண்ணியோ என்னவோ, லீக்டன்ஸ்டைனில் கட்டணம் கட்டிச் சில நாட்களில் குடியுரிமை வாங்கினார். 1943-இல் குவாத்தமாலா அவரை எதிரி நாட்டவர் என்று பிடித்து அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. 1946 வரை அங்கே தடுப்புக் காவல். சொத்துகளும் போயின. அவருக்காக லீக்டன்ஸ்டைன் தி ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனபோது, 1955-இல் வந்த தீர்ப்பு: குடியுரிமை என்பது வாழ்க்கையோடு உண்மையான பிணைப்பைக் காட்ட வேண்டும், இந்தக் குடியுரிமையை குவாத்தமாலா மதிக்க வேண்டியதில்லை. பிணைப்பு இருந்த நாட்டில் குடியுரிமை இல்லை, குடியுரிமை இருந்த நாட்டில் பிணைப்பு இல்லை. அந்தத் தீர்ப்பை விமர்சிப்பவர்கள் நிறையப் பேர், நானும் அதில் சேர்த்தி. ஆனால் உங்கள் கணவர் அதை ஒரு முறை படித்துவிட்டுப் பேசட்டும்.

பழைய குடியுரிமையைத் துறப்பது பற்றி “மனம் வரவில்லை” என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். அது துரோகமா என்ற கேள்விக்கு வழக்கறிஞர் பதில் சொல்லக் கூடாது. ஆனால் எதை இழக்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்கச் சொல்வேன். அங்கே வாக்களிக்கிறீர்களா? பதினைந்து ஆண்டுகளில் எத்தனை முறை? அங்கே நிலம் இருக்கிறதா, பிறகு வாங்க முடியுமா? அம்மாவோடு இன்னொரு முறை ஒன்பது மாதம் இருக்க வேண்டி வந்தால் விசா கிடைக்குமா? கடைசிக் கேள்விதான் உங்களுக்குக் கனமானது. முன்னாள் குடிமக்களை முற்றிலும் வெளியாளாக்க விரும்பாத நாடுகள் ஒரு நடுவழி வைத்திருக்கின்றன. துருக்கி நீல அட்டை தருகிறது. இந்தியா வெளிநாட்டுவாழ் இந்தியக் குடிமகன் என்ற பெயரில் ஓர் அட்டை தருகிறது. பெயரில் குடிமகன் இருந்தாலும் அது குடியுரிமை அல்ல: வாக்கு இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது; ஆனால் வந்து தங்க விசா வேண்டாம். உங்கள் நாட்டில் அப்படி ஒன்று உண்டா என்று முதலில் பாருங்கள். சட்டங்களும் மாறுகின்றன. ஒருவருக்கு ஒரே குடியுரிமைதான் இருக்க வேண்டும் என்பது 1930-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கைக் காலத்துக் கொள்கை. அதிலிருந்து டென்மார்க் 2015-இலும், நார்வே 2020-இலும், ஜெர்மனி 2024-இலும் விலகி இரட்டைக் குடியுரிமையை ஏற்றுக்கொண்டன.

துறப்பதென்று முடிவானால் வரிசை மிக முக்கியம். புதியது கைக்கு வரும்வரை, அல்லது துறந்ததும் தருகிறோம் என்ற எழுத்துபூர்வமான உறுதி கைக்கு வரும்வரை, பழையதை விடக் கூடாது. ஆர்வத்தில் முதலிலேயே துறந்துவிட்டு என்னிடம் வந்த ஒருவர் இருந்தார். பெயரின் எழுத்துகள் இரண்டு ஆவணங்களில் மாறியிருந்ததால் புதிய நாட்டின் விண்ணப்பம் நின்றுபோனது. பதினான்கு மாதம் அவர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. தந்தையின் சாவுக்குப் போக அவரிடம் பயண ஆவணம் இல்லை. இறுதிச் சடங்கைக் கைபேசியில் பார்த்தார்; என் அலுவலகத்தில், என் எதிரில்.

இப்போது, உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிக்கு வருகிறேன். “மகன் இரண்டு வயதில் வந்தான், இப்போது பதினேழு.” உங்கள் வீட்டில் அவசரம் உங்களுக்கு அல்ல, அவனுக்குத்தான். அவன் நிலையும் நைஸ்ட்ரோமின் நிலையும் ஒன்றே: விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒரே நாடு, ஆனால் அந்த நாட்டின் குடியுரிமை இல்லை. பல நாடுகளில் பதினெட்டு முடியாத பிள்ளையைப் பெற்றோர் தம் விண்ணப்பத்திலேயே சேர்த்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் நிரந்தர வசிப்புரிமையோடு பெற்றோரின் பொறுப்பில் வாழும் பிள்ளை, பதினெட்டு முடிவதற்குள் தாயோ தந்தையோ குடியுரிமை பெற்றால் தானாகவே குடிமகனாகிவிடும். 2001 பிப்ரவரியிலிருந்து சட்டம் அப்படி. பதினெட்டு முடிந்த மறுநாள் அவன் தனி ஆள்: தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், தனி நன்னடத்தை விசாரணை. பத்தொன்பது வயதில் நண்பனின் காரில் பிடிபடும் ஒரு பொட்டலம் உள்ளூர்ப் பையனுக்கு ஒரு மோசமான இரவு. உங்கள் பையனுக்கு அது விமான டிக்கெட்டாகலாம். நீங்கள் தயங்கினாலும், அவன் விஷயத்தில் அந்தத் தயக்கத்தை நீட்டாதீர்கள். அவனுடைய பிறந்த நாள் எந்த மாதம் என்று நீங்கள் எழுதவில்லை. அதைப் பார்த்துவிட்டு, இந்த வாரமே வழக்கறிஞரிடம் நேரம் கேளுங்கள்.

மகளைப் பற்றிச் சுருக்கமாக. பிறந்த மண்ணே குடியுரிமை என்ற விதி அமெரிக்க, கனடியப் பாணி. பிரிட்டன் 1983-இலும், ஆஸ்திரேலியா 1986-இலும், அயர்லாந்து 2004-இல் நடந்த மக்கள் வாக்கெடுப்புக்குப் பிறகும் அதைக் கைவிட்டன. ஆனால் பெற்றோரில் ஒருவர் பிறப்பின்போதே நிரந்தர வசிப்பாளராக இருந்தால் பிள்ளை பிறவியிலேயே குடிமகனாகும் நாடுகள் பல. எனவே அவள் பிறந்த தேதியையும் உங்கள் அட்டையின் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். உங்களுக்கு அட்டை வந்த பிறகு அவள் பிறந்திருந்தால், அவள் ஏற்கெனவே குடிமகளாக இருக்கலாம், நீங்கள்தான் அவளுக்குக் கடவுச்சீட்டு வாங்காமல் இருக்கிறீர்கள். பிறந்த நாட்டுத் தூதரகத்தில் அவள் பிறப்பைப் பதிவு செய்தீர்களா என்பதையும் பாருங்கள். தாய் வழியாகக் குடியுரிமை போகாத சட்டம் இன்றும் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது.

கடைசியாகக் காகிதங்கள். பிரிட்டனில் 2018-இல் வெடித்த விண்ட்ரஷ் விவகாரத்தில், 1973-க்கு முன்பே கரீபியத் தீவுகளிலிருந்து சட்டப்படி வந்தவர்கள், பலர் சிறு பிள்ளைகளாக வந்தவர்கள், வேலையையும் மருத்துவத்தையும் இழந்தார்கள். சிலரை நாடுகடத்தவே செய்தார்கள். உரிமை அவர்களிடம் இருந்தது. அதைக் காட்டும் தாள்தான் இல்லை. அவர்கள் வந்திறங்கிய அட்டைகளை 2010-இல் அரசுத் துறையே அழித்துவிட்டிருந்தது. அரசு வைத்திருக்கும் என்று நம்பி எதையும் தூக்கியெறியாதீர்கள். சம்பளச் சீட்டு, வரிக் கணக்கு, பள்ளி மதிப்பெண் அட்டை, தடுப்பூசி அட்டை எல்லாம் ஆண்டுவாரியாக ஒரு பெட்டியில் இருக்கட்டும். பழைய கடவுச்சீட்டை ஒப்படைக்கும் நாள் வந்தால், அதற்கு முந்தின நாள் அதன் ஒவ்வொரு பக்கத்தையும், வெற்றுப் பக்கங்கள் உட்பட, நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பதினைந்து ஆண்டுகளில் நீங்கள் எப்போது போனீர்கள், எப்போது வந்தீர்கள் என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் முக்கியமான சாட்சி அந்த முத்திரைகள்தான். ஒப்படைத்த கடவுச்சீட்டு திரும்பக் கைக்கு வரும் என்பதும் நிச்சயமில்லை.